உடைந்த ஊசிக்கு ஏழாவது பதிப்பு

பனியன் கம்பெனியில் ஊசி உடைவது அன்றாடம் நடப்பது. ஓவர்லாக் மெஷின் நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும். தோள் தையலும் கழுத்துப் பட்டியும் சேர்கிற தடித்த இடத்தில் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும், 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மெஷினை நிறுத்திவிட்டு டெய்லர் புது ஊசி கேட்டுக் கையைத் தூக்குவார். உடைந்ததில் ஒரு முனை எங்கே போனது என்பதுதான் அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி. அது தரையில் கிடக்கலாம். லூப்பருக்குப் பக்கத்தில் சிக்கியிருக்கலாம். மூன்று மாதம் கழித்து ஏதோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை போட்டுக்கொள்கிற சட்டையின் கழுத்தோரத்திலும் இருக்கலாம்.

இதற்காகவே ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒரு எஸ்ஓபி வைத்திருப்பார்கள். செயல்முறை ஆவணம் என்று எழுதினாலும் எங்கள் வாயில் அது எஸ்ஓபிதான். திருப்பூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் கட்டிங் முதல் பேக்கிங் வரை இந்த ஆவணங்களை எழுதுவதும் திருத்துவதும் என் பொறுப்பு. ஊசி உடைவதற்கான எஸ்ஓபியை நான் ஆறு முறை திருத்தியிருந்தேன். ஆறாவது பதிப்பு ஆன்லைனில் ஒழுங்காகத்தான் இருந்தது.

போன வருடம் ஒரு பையரின் ஆடிட்டர் லைனுக்குள் வந்தார். நாலாவது லைனில் ஒரு டெய்லரிடம், "ஊசி உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அந்த அக்கா கொஞ்சமும் தடுமாறவில்லை. எதிர்ச் சுவரில் லாமினேட் செய்து ஒட்டியிருந்த தாளைக் காட்டி அதில் உள்ளபடியே சொன்னார். அந்தத் தாள் நாலாவது பதிப்பு. துண்டுகளைச் சேர்த்து சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டுத் தையலைத் தொடரலாம் என்று அதில் இருந்தது. ஐந்தாவது பதிப்பிலேயே அந்த வரியை மாற்றி, எல்லாத் துண்டும் கிடைக்கும் வரை அந்த மெஷின் ஓடக் கூடாது என்று எழுதியிருந்தோம். அந்த அக்கா செய்தது அத்தனையும் சரி. சுவரில் இருந்ததுதான் தப்பு. என் கணினியில் இருந்த சரியான பதிப்பால் அவருக்கு ஒரு பயனும் இல்லாமல் போயிற்று. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, நாங்கள் பயன்படுத்தும் ஆன்லைன் ஆவண மென்பொருளில் ஒரு பெரிய அப்டேட் வந்தது. திரையில் செய்யும் வேலையைத் தானாகப் படிப்படியாகப் பதிவு செய்வது, பிரவுசரிலேயே செயல்முறைப் படம் வரைவது, வரைவையும் வெளியீட்டையும் தனித்தனியாக வைப்பது, இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது, ஒப்புதல் வழி, படித்தேன் என்ற கையொப்பம், மறுபார்வைத் தேதி, மொழிபெயர்ப்பு, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் முதல் வரைவு என்று பட்டியல் நீளம். இவற்றில் பல வசதிகள் வேறு மென்பொருள்களில் ஏற்கெனவே உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் எல்லா எஸ்ஓபிக்கும் போட்டுப் பார்க்கத் தோன்றும். நான் அப்படிச் செய்யவில்லை. ஊசி எஸ்ஓபி ஒன்றை மட்டும் எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை புது வசதிகளின் வழியே நடத்திக் கொண்டுபோனேன். எந்த வசதி தையல் தளத்துக்கு உதவும், எது உதவாது என்பது அப்படித்தான் தெரியும்.

முதல் வேலை எழுத்துருவில் வந்து நின்றது. எங்கள் பழைய தமிழ் எஸ்ஓபிகளில் பாதி பாமினியில் அடித்தவை. மீதியில் கொஞ்சம் வானவில். இந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் பார்த்தால் தமிழ். ஆன்லைன் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து கொட்டிய குப்பை. தேடலில் 'ஊசி' என்று அடித்தால் ஒன்றும் வராது, ஒப்பிட்டுக் காட்டாது, மொழிபெயர்ப்பும் நடக்காது. 2010ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் கம்பெனிகளின் கோப்புகளில் பாமினி இன்னும் சாகவில்லை. அதனால் எந்தப் புது வசதியையும் தொடுவதற்கு முன்னால் கோப்பை மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றிய பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் இடங்களைக் கண் தாண்டிப் போய்விடும், நாக்கு தடுக்கி நிற்கும். ஒரே எழுத்துருவில் கிடைத்த ஆறு பக்கத்துக்கு எனக்கு அரை நாள் ஆனது.

அடுத்தது, இப்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பதிவு செய்வது. அப்டேட்டில் வந்த பதிவு வசதி கணினித் திரைக்கானது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வேலையைச் செய்தால் போதும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு படம் எடுத்து, கிளிக் செய்த இடத்தை வட்டமிட்டு, கீழே ஒரு வரியும் எழுதிவிடும். 2009ல் வந்த விண்டோஸ் 7லேயே இதைப் போன்ற ஒரு கருவி இருந்தது. பழுது நேர்ந்தால் என்ன செய்தோம் என்று காட்டுவதற்காக அதை வைத்திருந்தார்கள். இப்போது ஸ்க்ரைப், டேங்கோ போன்றவை அதையே வழிகாட்டி எழுதும் வேலைக்குக் கொண்டுவந்துவிட்டன. எங்கள் ஊசி ஸ்டோரில் புது ஊசி கொடுத்ததைக் கணினியில் ஏற்றும் பகுதிக்கு இதைப் பயன்படுத்தினேன். ஸ்டோர் தம்பி வழக்கம்போல ஒரு ஊசியை ஏற்றினார், பதினொரு படங்கள் வந்தன. அதில் நாலு படங்கள் அவர் தப்பான மெனுவுக்குள் போய்த் திரும்பியவை. அவற்றை நீக்க வேண்டும். நீக்குவதற்கு முன்னால், ஏன் அவர் அங்கே போனார் என்று கேட்க வேண்டும். கேட்டேன். "ரெண்டு மெனுவுலயும் ஒரே பேருங்கண்ணா" என்றார். போய்ப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. ஒன்றின் பெயரை அன்றே மாற்றச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பதிவுப் படங்களில் திரையில் இருக்கிற எல்லாமே வரும். ஊழியர் எண், பெயர், சில நேரம் சம்பள விவரம் வரை. மறைப்பதற்கு ஒரு வசதி இருக்கிறது, ஆனால் அதை நாம்தான் ஒவ்வொரு படத்திலும் போட வேண்டும். வெளியிட்ட பிறகு நினைவு வந்து ஒரு பயனும் இல்லை.

தளத்தில் நடப்பதற்குத் திரைப் பதிவு உதவாது. அங்கே நின்று பார்க்க வேண்டும். மூன்று நாள் லைனில் நின்றேன், ஐந்து ஊசி உடைந்தது. ஐந்து முறையும் டெய்லர் உடனே நிறுத்தினார். அதில் மூன்று முறை சூப்பர்வைசர் வருவதற்குள் டெய்லரே குனிந்து துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். எஸ்ஓபியில் அப்படி இல்லை. முதலில் கூப்பிடு, பிறகு தேடு என்றுதான் எழுதியிருந்தேன். டெய்லர் செய்வதுதான் சரி என்று அங்கே நின்றபோது புரிந்தது. சூப்பர்வைசர் அந்தக் கோடியிலிருந்து நடந்து வருவதற்குள் கைமடி வேலை பார்க்கும் பிள்ளை பீஸை எடுத்து அடுக்கிவிடும். பக்கத்து மெஷின்காரர் காலடியில் துண்டு ஒட்டிக்கொண்டு போய்விடும். ஏழாவது பதிப்பில் முதல் வரி மாறியது: மெஷினை நிறுத்து, பீஸை எடுக்காதே, யாரையும் எடுக்க விடாதே, கையைத் தூக்கு.

இனிப் படம். நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்தப் படியில்தான்.

செய்கிற வேலையைப் படமாக வரைவது புதிதல்ல. ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் செயல்முறைப் படங்களைப் பற்றிய கட்டுரையை வைத்தார்கள். அதே சங்கம் 1947ல் வட்டம், அம்பு, சதுரம், முக்கோணம் என்று குறிகளைத் தரப்படுத்தியது. இன்றைக்கு ஆன்லைன் மென்பொருள்களில் பரவலாக இருப்பது பிபிஎம்என் என்ற குறிமுறை. 2011ல் அதன் 2.0 பதிப்பு வந்தது. 2013ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. அந்த 2.0 பதிப்பில்தான் படத்தைக் கோப்பாகச் சேமிக்கும் முறையும் பொதுவாக வரையறுக்கப்பட்டது. அதனால் ஒரு மென்பொருளில் வரைந்ததை இன்னொன்றில் திறக்க வழி உண்டு. மென்பொருளை மாற்ற நேர்ந்தால் படங்கள் கையோடு வர வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள், வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

பிபிஎம்என்னில் நூற்றுக்கு மேல் குறிகள் இருந்தாலும் தளத்துக்கு ஐந்து போதும். தொடக்கம் மெல்லிய வட்டம், முடிவு தடித்த வட்டம். வேலை என்றால் மூலை மழுங்கிய கட்டம். கேள்வி என்றால் சாய்சதுரம். யார் செய்கிறார்கள் என்பதற்குப் பட்டை. ஆங்கிலத்தில் நீச்சல் குளத்து லேன் என்கிறார்கள், நான் பட்டை என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். டெய்லர், லைன் சூப்பர்வைசர், ஊசி ஸ்டோர், குவாலிட்டி என்று நாலு பட்டைகள் போட்டேன். பழைய எஸ்ஓபியின் வரிகளை ஒவ்வொன்றாகக் கட்டமாக்கி, யார் செய்கிறாரோ அவர் பட்டையில் வைத்தேன்.

எல்லாத் துண்டும் கிடைத்ததா என்ற சாய்சதுரத்துக்கு வந்தேன். 'ஆம்' என்ற அம்பு சுலபம். துண்டுகளை டேப் போட்டுப் பதிவேட்டில் ஒட்டி, தேதி, நேரம், லைன், மெஷின் எண் எழுதி, பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசி வாங்கி, மெஷினை ஓட்டலாம். 'இல்லை' என்ற அம்பை வரைந்தேன். மெஷினில் இருந்த பீஸும் பக்கத்துப் பண்டில்களும் சிவப்புக் கூடைக்குப் போகும். காந்தக் கட்டையை வைத்துத் தரையைத் தேடுவார்கள். கூடையை நீடில் டிடெக்டரில் விடுவார்கள். அதற்குப் பிறகு? டிடெக்டர் கத்தவில்லை, துண்டும் கிடைக்கவில்லை என்றால்? பழைய எஸ்ஓபி அந்த இடத்தில் மௌனமாக இருந்தது. ஆறு பதிப்பும் மௌனமாக இருந்திருக்கிறது. எழுத்தில் படித்தபோது எனக்கோ, கையெழுத்துப் போட்டவர்களுக்கோ, ஆடிட்டர்களுக்கோ அது படவில்லை. பத்தியாக எழுதும்போது ஒரு வாக்கியம் முடிந்ததும் அடுத்த வாக்கியம் வந்து ஓட்டையை மூடிவிடுகிறது. படத்தில் அந்த அம்பு எங்கேயும் போய்ச் சேராமல் நிற்கும். அப்டேட்டில் வந்த சரிபார்ப்பு வசதி அந்த அம்பைச் சிவப்பாக்கி, இந்தப் பாதைக்கு முடிவு இல்லை என்று எழுதியது.

நாலு பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன், நாலு பதில் வந்தது. குவாலிட்டிக்காரர் அந்த பீஸை ரிஜெக்ட் போடுவேன் என்றார். ஒரு சூப்பர்வைசர் டிடெக்டர் சரி என்று சொன்ன பிறகு லைனுக்கே திருப்பிவிடுவேன் என்றார். இன்னொருவர் இன்சார்ஜிடம் கேட்பேன் என்றார். இன்சார்ஜ், "இது வரைக்கும் அப்படி வந்ததில்லைங்க" என்றார். மூன்று வாரப் பதிவேட்டைப் புரட்டினால் துண்டு முழுசாக ஒட்டப்படாத பக்கம் இரண்டு இருந்தது.

உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். நீளமான ஊசித் துண்டு டிடெக்டருக்குள் எந்தத் திசையில் படுத்துப் போகிறது என்பதைப் பொறுத்து அது பிடிபடுவது மாறும். அதனால் கூடையில் உள்ளவற்றைத் திசை மாற்றி இரண்டு முறை விட வேண்டும். அதற்கு முன் 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு பதித்த சோதனை அட்டையை மேல், நடு, கீழ், இடம், மையம், வலம் என்று ஒன்பது இடத்தில் வைத்து டிடெக்டர் கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு முறையும் ஒன்றும் வராவிட்டால், ஊசி உடைந்தபோது மெஷினில் இருந்த அந்த ஒரு பீஸ் மட்டும் திரும்பி வராது. அதை வெட்டி அழித்து, குவாலிட்டி மேனேஜர் கையெழுத்திட வேண்டும். ஒரு பனியனின் விலை அவ்வளவுதான். அம்பு ஒரு தடித்த வட்டத்தில் போய் முடிந்தது, சிவப்பு போயிற்று.

எழுத்து வரைவுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்திப் பார்த்தேன். படத்தைக் கொடுத்தால் அதை வைத்து வாக்கியமாக எழுதித் தருகிறது. தமிழ் தெளிவாக இருந்தது. வேகம் ஆச்சரியம். ஏழாவது வரியில் நின்றேன். 'உடைந்த ஊசியைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும்' என்று எழுதியிருந்தது. எங்கும் பொருந்துகிற நல்ல வாக்கியம், எங்கள் தொழிலில் மட்டும் அது தலைகீழ். உடைந்த ஊசியை நாங்கள் அப்புறப்படுத்த மாட்டோம். துண்டு துண்டாகப் பதிவேட்டில் ஒட்டி வைப்போம். முழு ஊசியும் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. படத்தில் நான் வைத்த கட்டத்தில் 'ஒட்டு' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது, அதை அது தன் அறிவுக்கு எட்டியபடி நல்லதாக்கிவிட்டது. இந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெற்றுப் பக்கத்தின் முன் உட்கார்ந்து தவிப்பதை அது நீக்குகிறது. ஆனால் அது எழுதிய ஒவ்வொரு வரியையும் மெஷின் பக்கத்தில் நின்று படிக்க வேண்டும். அறையில் உட்கார்ந்து படித்தால் எல்லா வரியும் சரியாகவே தோன்றும்.

பழைய ஆறாம் பதிப்பையும் புது வரைவையும் ஒப்பிடும் திரையில் போட்டேன். நீக்கியது சிவப்பில் கோடு இழுத்து, சேர்த்தது பச்சையில். இதைப் பார்த்துக்கொண்டே வாக்கியங்களைத் திருத்துவது தனி சுகம். ஆறாம் பதிப்பில் இருந்தது: 'உடைந்த துண்டுகளைச் சேகரிக்கவும்.' ஏழாவதில்: 'எல்லாத் துண்டையும் எடுத்து, அதே நம்பர் புது ஊசிக்குப் பக்கத்தில் வரிசையாக வை. நீளமும் முனையும் சரியாக இருக்கிறதா பார்.' ஓவர்லாக்குக்கு டிசி 27, ஃபிளாட்லாக்குக்கு யூஒய் 128, சிங்கருக்கு டிபி 1 என்று ஊசி வேறு வேறு. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் நீளம் பொய் சொல்லும். அதனால்தான் 'அதே நம்பர்' என்ற சொல். ஒப்பிடும் திரையில் அந்த இரண்டு சொற்கள் பச்சையில் நிற்பதைப் பார்த்து, குவாலிட்டி மேனேஜர் கேள்வி கேட்காமலே காரணம் புரிந்துகொண்டார். முன்பெல்லாம் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆறு பக்கத்தையும் முதலிலிருந்து படிக்கச் சொல்வேன். அவரும் படித்ததாகச் சொல்லிக் கையெழுத்துப் போடுவார்.

ஒப்புதல் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒருவர் பின் ஒருவராக அனுப்பினால் நாலு பேருக்கு ஒரு வாரம். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பினால் இரண்டு நாள். ஒருவர் திருத்தம் சொன்னால் மற்றவர்களின் ஒப்புதலும் தானாக ரத்தாகி மறுபடி போக வேண்டும், இந்த அமைப்பை முடுக்கிவிட மறக்கக் கூடாது. விடுப்பில் இருப்பவருக்குப் பதில் யார் என்று முன்பே பதிய வேண்டும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் தானாக ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும் ஒரு வசதியும் வந்திருக்கிறது. அதை நான் அணைத்து வைத்தேன். யாரும் படிக்காத ஒன்றுக்கு ஒப்புதல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி வெளியீடு. சுவரில் இருந்த நாலாவது பதிப்பு என் மனதில் இருந்துகொண்டே இருந்தது. ஐஎஸ்ஓ 9001ன் 2015 பதிப்பு, தரக் கையேடு கட்டாயம் என்பதையே எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பு ஆறு நடைமுறைகளை எழுதியே தீர வேண்டும் என்று கேட்டது, அதுவும் போயிற்று. ஆனால் ஒன்றை விடவில்லை: ஆவணம் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில், பயன்படுத்தத் தக்க நிலையில் கிடைக்க வேண்டும். எங்கள் தப்பு சரியாக அந்த வரியில் விழுந்தது.

புது வசதியில் ஒவ்வொரு எஸ்ஓபிக்கும் மாறாத ஒரு முகவரி கிடைக்கிறது. அந்த முகவரியில் எப்போது திறந்தாலும், வெளியிட்ட கடைசிப் பதிப்பு மட்டும்தான் வரும். வரைவு வராது, பழையது வராது. முன்பு ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொரு பிடிஎஃப், ஒவ்வொரு முகவரி. அனுப்பிய வாட்ஸப் செய்தியிலும் மின்னஞ்சலிலும் பழையவை அப்படியே கிடந்தன. இப்போது அந்த மாறாத முகவரியின் கியூஆர் கோடைச் சுவரில் ஒட்டினேன். தளத்துக்குள் செல்போன் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி, பல கம்பெனிகளிலும் அதுதான். அதனால் லைன் கோடியில் சூப்பர்வைசர் மேஜையில் ஒரு டேப்லெட்டைக் கட்டி வைத்தோம். கரண்ட் போனால், வைஃபை போனால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்காக ஒரே ஒரு பக்கச் சுருக்கத்தை அச்சிட அனுமதித்தேன். அச்சிடும்போதே பதிப்பு எண்ணும், இந்தத் தாள் செல்லும் கடைசித் தேதியும் பெரிய எழுத்தில் விழும்படி அமைத்தேன். கடைசித் தேதி வெளியிட்ட நாளிலிருந்து மூன்று மாதம். தேதி தாண்டிய தாளைப் பார்க்கிற எவரும் கிழிக்கலாம் என்று எல்லா லைனிலும் சொன்னேன்.

பழைய தாள்களை நானே போய் எடுத்தேன். நாலாவது லைனில் ஒன்று, ஊசி ஸ்டோர் கதவில் ஒன்று, மெக்கானிக் அறையில் மூன்றாம் பதிப்பு ஒன்று.

படித்தேன் என்ற கையொப்ப வசதி, எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் இருக்கிறது என்ற நினைப்பில் செய்தது. டெய்லர்களில் பெரும்பாலோருக்குக் கம்பெனி மின்னஞ்சல் கிடையாது, தலைக்கு ஒரு லாகின் வாங்குகிற செலவும் கட்டாது. சூப்பர்வைசர்களுக்கும் குவாலிட்டிக்கும் மட்டும் மென்பொருளில் கையொப்பம் வைத்தேன். டெய்லர்களுக்குக் காலையில் லைன் தொடங்கும் முன் ஐந்து நிமிடம். ஒரு உடைந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, புது ஊசிக்குப் பக்கத்தில் வரிசை வைத்துக் காட்டச் சொன்னேன். அவர்கள் செய்து காட்டிய பிறகுதான் வருகைத் தாளில் கையெழுத்து. அந்தத் தாளைப் படம் எடுத்து ஏழாவது பதிப்போடு இணைத்துவிட்டேன்.

திருப்பூரில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இல்லாத லைன் குறைவு. எங்கள் ஊசி எஸ்ஓபி ஆறு பதிப்பாகத் தமிழில் மட்டும்தான் இருந்தது. ஆங்கிலத்தில் ஒன்று ஆடிட்டருக்காக. இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அப்டேட்டில் மொழிபெயர்ப்பு வந்ததும் இந்தியில் ஒன்று போட்டு, ஆறு வருடமாக இங்கே இருக்கும் ஒரு பீகார் டெய்லரிடம் காட்டினேன். தலைப்பைப் படித்ததுமே நிமிர்ந்து பார்த்தார். "டாக்டர் போடற ஊசியா சார்?" என்றார். தமிழில் தைக்கிற ஊசியும் ஊசி, ஆஸ்பத்திரியில் போடுவதும் ஊசி. மென்பொருள் இன்ஜெக்‌ஷன் என்று எடுத்துக்கொண்டு, இன்ஜெக்‌ஷன் உடைந்தால் என்ன செய்வது என்று ஆறு பக்கம் மொழிபெயர்த்திருந்தது. அவர் சொன்னபடி 'சூயி' என்று மாற்றினோம். மென்பொருளின் சொற்பட்டியலில் ஊசி, லூப்பர், கைமடி, பண்டில், சிவப்புக் கூடை என்று நாற்பது சொற்களுக்கு இணை எழுதி வைத்தோம். இனி எந்த எஸ்ஓபியை மொழிபெயர்த்தாலும் அந்தப் பட்டியலில் இருந்துதான் எடுக்கும். ஒடியாவுக்கு இன்னும் முடியவில்லை, படித்துச் சொல்ல ஒரு செக்கிங் பெண் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மொழி வசதியில் எனக்குப் பெரிதாகப் பட்டது மொழிபெயர்ப்பு அல்ல. தமிழ்ப் பதிப்பில் ஒரு வரி மாறினால், இந்திப் பதிப்பின் அதே வரிக்கு மேல் 'மூலம் மாறிவிட்டது' என்று மஞ்சளில் காட்டுகிறது. அதைச் சரிசெய்யாமல் வெளியிட விடுவதில்லை. நாலாவது லைன் சுவரில் நடந்தது இன்னொரு மொழியில் நடக்காமல் இருக்க இது வேண்டும்.

கடைசியாக மறுபார்வைத் தேதி. மென்பொருள் தானாக ஒரு வருடம் என்று போடுகிறது, ஆறு மாதமாகக் குறைத்தேன். கமெண்ட் எழுதும் உரிமையை டேப்லெட்டில் திறந்தே வைத்தேன், பெயர் போடத் தேவையில்லை, லைன் எண் போதும். குரலில் பேசினாலும் எழுத்தாக ஏறும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது வாரம் நாலாவது லைனிலிருந்து ஒன்று வந்தது. ஃபிளாட்லாக்கில் ஊசி உடைந்தால் துண்டு பெரும்பாலும் கீழே உள்ள தட்டைத் திறந்தால்தான் கிடைக்கிறது, தட்டைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் மெக்கானிக்கிடம் இருக்கிறது, அவர் வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது, சூப்பர்வைசர் மேஜையில் ஒன்று வைக்கலாமா என்று.

மேஜையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்தாயிற்று. ஏழாவது பதிப்பின் மூன்றாம் வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்து, எட்டாவது பதிப்பு வரைவில் இருக்கிறது. நாலு பேரில் இரண்டு பேர் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.